நாற்பதாயிரம் அனுப்பியவர்

பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு மூன்று வருடங்கள் சரியான வேலை இல்லாமல் இருந்தேன். செங்கலடிச் சந்தியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்றேன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அப்படி இருந்த ஒரு நாள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பித்த விரிவுரையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் எல்லாரும் அவரை மேடம் என்றே அழைப்போம்.

"ஒரு கணக்கெடுப்பு இரிக்கி. எட்டு மாசம். வெயிலில அலையணும், ஆரு ஏசினாலும் கோவப்படாமக் கதைக்கணும். உனக்கு ஏலுமா?" என்று கேட்டார்.

"ஏலும் மேடம்," என்றேன். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் காசைப் பற்றிய கணக்கெடுப்பு அது. மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் ஊர்கள் தெரிவாகியிருந்தன. பயிற்சியின் முதல் நாள் மேடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. வங்கியால் வரும் காசு வங்கிக்குத் தெரியும். ஊருக்கு வரும் ஒருவரின் கையில் கொடுத்துவிடும் காசு, வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் வீட்டில் கொண்டுவந்து தரும் காசு, கார்கோப் பெட்டியில் சவர்க்காரமும் பால்மாவுமாக வரும் காசு, இவை எல்லாம் அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். "வீட்டுக்காரர் உங்கள நம்பினாத்தான் எங்கட கணக்கு சரி வரும். அதுக்கு வேற வழி ஒண்டும் இல்ல," என்றார்.

பயிற்சிக்காக முதலில் எங்கள் எங்கள் வீட்டுக்கே ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். என்னுடைய வீட்டுப் படிவத்தை நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அக்கா குவைத்தில் வீட்டு வேலை. போய் ஒன்பது வருடம். மாதம் முப்பதாயிரம், ஒரு மாதமும் தவறியதில்லை. அம்மாவிடம் கேட்கவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்குக் கிடைத்த முதல் இடம் ஏறாவூர்ப் பக்கம் ஒரு ஊர். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பதில்களைப் பதிய ஒரு டெப். இத்தனையுடன் ஒரு பெண் வந்து "உங்கட வீட்டில ஆரும் வெளிநாட்டில இருக்காங்களா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? "வரி போடவா மகள் கேக்கிறீங்க?" என்றார் ஒருவர். "அரசாங்கத்தால தாற காச வெட்டப் போறாங்களாம், ஒண்டும் சொல்லாதீங்க," என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. ஒரு வீட்டில் நல்ல பிளேன்டீ தந்தார்கள், சீனியும் தந்தார்கள், பதில் மட்டும் தரவில்லை. நான் ஒவ்வொரு இடத்திலும் மனப்பாடம் செய்ததையே சொன்னேன்: பெயர் வெளியே போகாது, யாரும் வரி போடமாட்டார்கள், ஆராய்ச்சிக்கு மட்டும்தான்.

ஐந்தாம் நாள் ஒரு தெருவுக்குப் போனேன். முதல் வீட்டின் கேட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய கணவர் கட்டாரில் டிரைவர். நான் அந்த இடத்திலேயே டெப்பைத் திறந்து கேள்விகளைத் தொடங்கினேன்.

"மாசம் எவ்வளவு அனுப்புவார்?"

அவர் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். பிறகு கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "நாப்பது."

"நாப்பதாயிரமா?"

"ஓம். மாசம் தவறமாட்டார்."

பதிந்துகொண்டேன். அடுத்த வீடு, கேட்டில் நின்ற பெண்களில் ஒருவருடையது. அவரும் நாற்பது என்றார். அதற்கடுத்ததும் நாற்பது. அந்தத் தெருவில் ஏழு வீடுகளும் மதியத் தொழுகைக்கு ளுகர் பாங்கு சொல்வதற்கு முன்னமே முடிந்துவிட்டன. வேலை பிடிபட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

சில வாரங்களுக்குப் பின் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் போய்வந்த வீடுகளில் சிலவற்றுக்கு அவர் மறுபடி போய்க் கேட்டுப் பார்ப்பது வழக்கம். மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏழு வீட்டுக்கும் ஒரே தொகை. ஏழு பேருக்கும் ஒரே சம்பளமா? ஒரே முதலாளியா?"

"அவங்க சொன்னதத்தான் மேடம் எழுதினன்."

"முதல் வீட்டுக்கு நான் போனன். அந்த மனிசி என்னட்ட இருபத்தஞ்செண்டு சொல்லுறா. நீ நாப்பதெண்டு போட்டிரிக்காய்." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று பட்டது. "நீ வீடுகளுக்குப் போனியா, மரத்துக்குக் கீழ இருந்து நிரப்பினியா?"

போனேன் என்றுதான் சொன்னேன். அவர் தாள்களை மடித்தார். "ரெண்டு நாள் வீட்டில நில். நான் யோசிச்சுச் சொல்லுறன்."

பதுளை வீதியால் போகும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் தலையிடி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். வேலை போவதைவிட, கள்ளக் கணக்கு எழுதினவள் என்று மேடம் நினைத்துவிட்டாரே என்பதுதான் நெஞ்சில் நின்றது. எனக்குக் கணக்கில் ஆசை வந்ததே அவருடைய வகுப்பில்தான்.

மறுநாள் காலை, வீட்டில் நிற்கச் சொல்லியும் கேளாமல், அந்தத் தெருவுக்குப் போனேன். டெப்பைக் கொண்டுபோகவில்லை. கேட் சாத்தியிருந்தது. உள்ளே தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. தட்டியதும் சத்தம் நின்றது. அவர் வந்து கேட்டைக் கால்வாசி திறந்தார்.

"ராத்தா," என்றேன். முஸ்லிம் ஊர்களில் அக்காவை அழைப்பதுபோல நான் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. "என்னட்ட நீங்க நாப்பதெண்டு சொன்னீங்க. எங்கட மேடத்துக்கிட்ட இருபத்தஞ்செண்டு சொல்லியிரிக்கீங்க. நான் வீடு வீடாப் போகாம பொய் எழுதினதெண்டு அவ நினைக்கிறா. எனக்கு வேலை போகப் போகுது." அழக்கூடாது என்று வரும் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அழுகை வந்துவிட்டது.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "உள்ளுக்கு வாங்க தங்கச்சி," என்றார்.

முதல் தடவை நான் கேட்டைத் தாண்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. வீடு பாதியில் நின்றது. முன் பக்கம் பூசிப் பெயின்ட் அடித்திருந்தது. உள்ளே போனால் வெறும் கல். ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் மெசினும், அதன் பக்கத்தில் என் இடுப்பளவுக்குக் கறுப்புத் துணிக் குவியலும் இருந்தன. தயிர்க் கோப்பை ஒன்றில் அபாயாவில் ஒட்டும் சின்னச் சின்னக் கற்கள் மினுங்கின. அவர் எனக்குத் தண்ணீர் தந்தார். முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நாப்பதும் பொய்யில்ல, இருபத்தஞ்சும் பொய்யில்ல," என்றார் பிறகு. "அனுப்பின ஆள்தான் பொய்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். கணவர் வேலை செய்த கம்பெனி மூடிப் பதினான்கு மாதம். முதலில் குறைத்து அனுப்பினார், பிறகு நின்றுவிட்டது. விசாவும் முடிந்து, கிடைத்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஒளிந்து திரிகிறார். டெலிபோன் எடுப்பார்; எடுத்தால் காசுக் கதை கதைப்பதில்லை. இதெல்லாம் பக்கத்து வளவில் இருக்கும் மாமிக்கு, கணவரின் தாய்க்குக்கூடத் தெரியாது. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் அங்க ரோட்டில நிக்கிறார் எண்டு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு வந்து தலய நிமித்தி நடக்க ஏலுமா அவருக்கு? நல்ல மனிசன் தங்கச்சி. இருந்த காலத்தில எங்களுக்கு ஒரு குறையும் வெக்கல்ல. அதுதான் நான் அவருக்காகவும் சேத்து உழைக்கன்."

காத்தான்குடியில் ஒரு கடையிலிருந்து துணி எடுத்துவந்து தைத்துக் கொடுத்தார். கேட்பவர்களிடம், பொழுது போகாமல் தைக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தார். கூலியைச் செங்கலடியில் ஒரு வங்கியில் போடுவார். மாத முடிவில் நல்ல அபாயாவை உடுத்துக்கொண்டு, தெரு பார்க்கப் பஸ் ஏறிப் போய், தான் போட்ட காசைத் தானே எடுத்துக்கொண்டு வருவார். வரும்போது ஒரு பை பணிஸ் வாங்கிவந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். காசு வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே.

"நீங்க வந்த மாசம் நாப்பதுக்குத் தைச்சிருந்தன். உங்கட மேடம் வந்த மாசம் மெசின் பழுதாப் போய், இருபத்தஞ்சுதான். கேட்டதும் வாயில அதுதான் வந்திச்சு."

அவர் எழுந்து போய்த் தன் போனை எடுத்துவந்தார். "உங்கட மேடத்துர நம்பரத் தாங்க."

"வேணாம் ராத்தா. இது உங்கட வீட்டுக் கதை. நான் வேற ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்."

"எண்ட பொய்யால உங்கட வேலை போகேலா. நம்பரச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. "அந்தப் புள்ள பொய் எழுதல்ல மேடம். நான்தான் மாத்திச் சொன்னன்... ஓம், வந்தா. வெயிலுக்க நிண்டுதான் கேட்டா, நான் உள்ளுக்குக் கூப்பிடல்ல..." பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் முகம் ஒரு தரம் மட்டுமே கண்ட மேடத்துக்கும் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமியிடம் பதினான்கு மாதமாகச் சொல்லாததை, என்னுடைய எட்டு மாதச் சம்பளத்துக்காகச் சொன்னார்.

போனை என்னிடம் நீட்டினார். மேடம் "நாளைக்கு வா," என்றார். பிறகு, "அவங்களுக்கு நான் நன்றி சொன்னதெண்டு சொல்லு. சும்மா வாய்க்குச் சொல்லாம, நல்லாச் சொல்லு," என்றார்.

நான் நல்லாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "போகக்குள்ள மூஞ்சக் கழுவிட்டுப் போங்க. தெரு பாக்கும்," என்றார்.

மறுநாள் மேடம் எல்லாருக்கும் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. எந்த வீடு, யார் என்று ஒன்றும் சொல்லாமல், "இவ சரியா எழுதியிரிக்கா. நான்தான் பிழையான கேள்வியக் குடுத்து அனுப்பியிரிக்கன்," என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் சுற்றி இருக்கவைத்து, படிவத்தை முதலிலிருந்து பார்த்தோம். அன்று மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டோம்.

கேட்டில் நின்று கேட்பதில்லை என்று முடிவாயிற்று. உள்ளே போக விடவில்லை என்றால் இன்னொரு நாள் போவது. மாதம் எவ்வளவு என்று கேட்டால் மனிதர்கள் ஒரு கௌரவமான தொகையைச் சொல்வார்கள். ஆகவே கடைசியாகக் காசு எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார், அதற்கு முந்தியது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. கடைசியில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: "காசு வராத மாசங்கள எப்படிச் சமாளிச்சீங்க?"

அதைக் கேட்ட வீடுகளில் மனிதர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்தத் தெருவின் மற்ற ஆறு வீடுகளுக்கும் மறுபடி போனேன். நாற்பது ஒரு வீட்டிலும் மிஞ்சவில்லை. கேட்டில் சத்தமாகச் சொன்ன தொகை தெரு முழுக்கப் போய், அன்று எல்லாரும் அதையே சொல்லியிருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்தது. ஒருவருக்கு நாற்பதைவிட மிகக் கூட வந்தது. மருமகளுக்குத் தெரியக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார். ஒரு வயதான தாய், மகன் ஐந்து மாதமாக அனுப்பவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, "இத ஆரும் இதுவரைக்கும் கேட்டதில்ல மகள்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதுவதற்கு அந்தக் கையை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் விடும்வரைக்கும் இருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், பயிற்சியில் நான் நிரப்பிய என் வீட்டுப் படிவம் நினைவுக்கு வந்தது. அம்மா முற்றத்தில் இருந்து மணலை மீன் கழுவிக்கொண்டிருந்தார். சும்மா விளையாட்டாகக் கேட்டேன்.

"அம்மா, அக்கா காசு அனுப்பாத மாசத்தில என்ன செஞ்சீங்க?"

அம்மாவின் கை நின்றது. "ஆரு சொன்ன?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் போதும், அப்படி மாதங்கள் இருந்திருக்கின்றன என்று எனக்கு விளங்கியது. நான் விடவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்தபோது, அக்கா வேலை செய்த வீட்டில் சம்பளம் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். அந்த வீட்டைவிட்டு வெளியேறி, வேறு வீடு கிடைக்கும்வரை ஆறு மாதம் அக்காவால் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. அந்த ஆறு மாதமும் எனக்கு விடுதிக் காசு, சாப்பாட்டுக் காசு, ஒரு லெப்டொப்கூட வந்தது. எல்லாம் அக்கா அனுப்பியதென்று அம்மா தந்தார். கிழமை நாட்களில் நான் விடுதியில் நின்றேன். அம்மா காலையில் பிற ஆட்களின் வட்டைக்குப் போய் வயலில் களை பிடுங்கியிருக்கிறார். தோட்டை அடகு வைத்திருக்கிறார். காது நோவதால் கழற்றி வைத்தேன் என்று எனக்குச் சொன்னது அந்தத் தோட்டைத்தான். நானும் நம்பினேன்.

"ஏன் அம்மா எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீ படிப்ப விட்டிட்டுக் கடைக்கு நிக்கப் போயிருப்பாய். அவள் அங்க கிடந்து அழுதது அதுக்கில்லையே."

வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் பேசினேன். அம்மா சமாளித்ததை அக்காவும் முழுதாக அறிந்திருக்கவில்லை. கடன் பட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். "அம்மா வயலுக்குப் போனவவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். போனை அம்மாவுக்கு முன்னால் பிடித்தேன். அம்மா, "அதெல்லாம் முடிஞ்சுது. என்னடி சாப்பிட்டாய்?" என்று அக்காவிடம் கேட்டார்.

மேடத்திடம் போய், பயிற்சிப் படிவத்தில் நான் எழுதியது பிழை என்று சொன்னேன். அது எந்தக் கணக்கிலும் சேராத படிவம். ஆனாலும் அவர் அதைத் தேடி எடுத்து, திருத்தி எழுத விட்டார்.

கணக்கெடுப்பு முடிந்தது. வந்தாறுமூலையில் முடிவுகளை வாசித்த நாளில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். வரும் காசை விளக்கிய அட்டவணைகளுக்குப் பக்கத்தில், வராத மாதங்களுக்கும் ஒரு அட்டவணை இருந்தது. யாருடைய பெயரும் அதில் இல்லை. மண்டபத்தில் யாருக்கும் தெரியாமல் நான் அந்தத் தாளை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன். எட்டு மாதம் முடிந்த பிறகும் மேடம் என்னை விடவில்லை. இன்று புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ராத்தா எங்களிடம் பேசிய சில வாரங்களில் மாமியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு தரம் வாயால் வந்த பிறகு இரண்டாம் தரம் அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். மாமி கோபிக்கவில்லை, தன் காப்பை விற்று மகனுக்கு டிக்கெட்டுக்கு அனுப்பினார். அவர் வந்து சேர்ந்து, இப்போது ஏறாவூரில் ஆட்டோ ஓட்டுகிறார். மகளின் சம்பந்தம் அந்த இடத்தில் சரிவரவில்லை, வேறு இடத்தில் முடிந்தது. கல்யாணத்துக்கு எங்கள் மேடமும் நானும் போயிருந்தோம். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேரும் ஊரும் போடாம எழுதுங்க. மத்ததெல்லாம் உள்ளபடி எழுதுங்க," என்றார்.

இந்த வருடம் இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பு. அதே வீடுகளுக்கு வேறு ஆள் போகவேண்டும் என்பது விதி. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போனாள். அன்று பின்னேரமே ராத்தாவின் குரல் பதிவு ஒன்று என் போனுக்கு வந்தது. பின்னால் மெசின் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, உங்கட புள்ள வந்து போனா. நல்ல புள்ள. உள்ளுக்கு வந்து இருந்துதான் கேட்டா. ஆனா காசு வராத மாசத்துக் கேள்விய விட்டிட்டு எழும்பப் பாத்தா. அதயும் கேளு மகள் எண்டு நான்தான் இருத்திச் சொல்லிக் குடுத்தன்."